மங்களம் சுத்தியல் வாங்கிய கதை

1

இந்தக் கதை ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடையில் பிறந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் பழைய சுத்தியலின் காம்பு பிளந்துபோய்ப் புதிது வாங்கப் போயிருந்தேன். மாட்டியிருந்த ஒவ்வொன்றையும் எடுத்தேன். விரல்மேல் வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். காம்பில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பினேன். வைத்தேன். மறுபடி முதலில் எடுத்ததையே எடுத்தேன். கல்லாவில் இருந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணே, சுத்தியல் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பிடோக் போகும் பேருந்துக்கு நிற்கையில் ஒரு நினைப்பு. நான் நிற்கிற இந்தச் சாலைக்கு யாரோ ஒரு காலத்தில் கல் உடைத்துப் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு இப்படி நின்று நிதானமாகச் சுத்தியல் பார்க்கக் கொடுத்துவைத்திருக்குமா? இல்லை, கைக்கு வந்தது எதுவோ அதுதானா?

எனக்கு எழுத்து நாற்பது வயதுக்குமேல், மகளின் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. அதனால் என் வாக்கியங்கள் மூட்டை சுமப்பவன் நடக்கிற மாதிரிதான் நடக்கும். நாலு எட்டு வைக்கும், ஒரு தரம் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம். சிராங்கூன் சாலையில் ட்ராம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. கல் உடைக்கும் வடிவேலு தன் அகன்ற தோள்களை"

தோள்களோடு நிறுத்திவிட்டேன். வடிவேலுவிடம் ஒரு கோளாறு. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடைக்குப் போனான், சரியான சுத்தியலை எடுத்தான், வந்தான். கதை ஒரு பக்கம்கூட வரவில்லை. சரியான சுத்தியலை முதல் தரமே எடுக்கிறவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அவனை அனுப்பிவிட்டேன். போகும்போது நல்ல சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

2, மறுபடியும்

அப்போதுதான் அந்தக் கடைக்கார அம்மாவின் கேள்வி திரும்ப வந்தது. பொண்ணு பார்க்கவா வந்தீங்க? சரி, சுத்தியல் பார்க்க ஒரு பெண்ணே வந்தால்?

பெயர் மங்களம். வயது முப்பது இருக்கலாம். தனியாள். சிராங்கூன் சாலை ஓரத்துக் கல் மேட்டில் உட்கார்ந்து சாலைக்கு ஜல்லி உடைக்கிறவள். (அந்த நாளில் இந்த ஊரில் நம் பெண்கள் கல் உடைத்தார்களா என்று சட்டம் படித்தவர் மாதிரி கேட்காதீர்கள். என் கதையில் உடைக்கிறார்கள்.)

காலையில் கொட்டகைத் திண்டிலிருந்து சுத்தியல்களை மொத்தமாகத் தரையில் கவிழ்ப்பார்கள். யாருக்கும் சொந்தம் கிடையாது. ஆண்கள் முதலில் எடுப்பார்கள். எடுக்கிற விதமும் ஒன்றுதான்: கனமாக எது இருக்கிறதோ அது. கனம் இருந்தால் கல் தானே பிளக்கும் என்று அந்த மேட்டில் எல்லாரும் நம்பினார்கள். பெண்களும் அதையே நம்பினார்கள், ஆனால் அவர்களுக்கு மிஞ்சியது ஆடுகிற தலையும் பிளந்த காம்பும். அதிலும் மங்களம் கண்ணை மூடிக்கொண்டு துழாவி ஓரளவு நல்லதை எடுத்துவிடுவாள். இரண்டு தலையை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்பாள். வெடிப்பு விட்ட இரும்பு சொத்தென்று சொல்லும்.*

* இன்றைக்கும் அப்படித்தான். நல்ல இரும்பின் சத்தம் கொஞ்ச நேரம் காதில் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, மண்டோர் அழகப்பன் கற்குவியலின்மேல் ஏறி நின்றார். மண்டோர் என்றால் கூலிகளை வேலை வாங்குகிறவர். ஆள் கெட்டவர் இல்லை, வாய்தான்.

"கேட்டுக்கங்க. திங்கக்கிழமையிலருந்து சொந்தச் சுத்தி கொண்டாறவங்களுக்கு மட்டும்தான் இங்க கல்லுக் குவியல். மதியத்துக்குள்ள அளவுப் பெட்டிய நிரப்பிக் காட்டணும். காட்டுனா இந்த எடம் உங்களுக்கு. காட்டலைன்னா ஜாலான் புசார் பக்கம் சதுப்ப மூடுறாங்க, அங்க மண்ணுக்கூடை தூக்கலாம்."

"பொம்பளைங்களுக்கும் அதே பெட்டியா மண்டோரய்யா?" என்று கேட்டாள் மங்களம்.

"பின்ன? பொம்பளைக்குன்னு கல்லக் காய்ச்சியா ஊத்துறான் வெள்ளக்காரன்?"

சிரிப்பு கிளம்பியது. மங்களம் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் கரி சுமந்த நாளில் கூடை சரிந்து அவள் கழுத்தில் விழுந்திருந்தது. அதிலிருந்து தலையில் பாரம் ஏறினால் வலது கை மரத்துப்போகும். மண்கூடை அவளால் ஆகாது. கூடை தூக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலிகள் குடியிருக்கும் லைனில் அவளுடைய ஒற்றை அறையும் இல்லை. ஆகவே ஒரு சுத்தியல். ஒரு பெட்டி ஜல்லி. திங்கட்கிழமை மதியத்துக்குள். கதை அவ்வளவுதான், இதை நான் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

3

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஓர் இரும்புக் கடைக்குப் போனாள்.

[இங்கே கடைக்காரர் அஹமது கபீரை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று நிறைய யோசித்தேன். தாடியிலிருந்து தொடங்கலாமா? வேண்டாம். குரலிலிருந்து தொடங்குகிறேன்.]

"வாம்மா, வா. ஆணியா, கொண்டியா, பூட்டா?"

நாகூர்ப் பக்கத்து மனிதர். கடையில் சாமான் இல்லாத இடம் அவர் உட்காருகிற இடம் மட்டும்தான். மங்களம் இருந்ததில் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். பூவும் வைத்திருந்தாள். கடையில் இரண்டு பெண்கள் பூட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலில் செருப்பு. பேச்சிலேயே தெரிந்தது, வீட்டில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள். மங்களம் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விரல் கணுவெல்லாம் கல் பொடி ஏறி வெளுத்திருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாது.

"சுத்தியல்," என்றாள்.

"யாருக்கும்மா? எதுக்கு?"

இந்த இடத்தில் என் பேனா நின்றது. அவள் உண்மையைச் சொன்னால் கதை நேராகப் போய்விடும். அவளைக் கேட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு போதுமாக இருந்தது அவளுக்கு.

"வீட்டுக்காரருக்கு," என்றாள். "அவரு தச்சரு."

"தச்சரா! அட அல்லாவே, நான் தச்சருக்குத்தானே நாயா அலையிறேன். பாரு, இந்தப் பலகையெல்லாம் எப்பத் தலையில விழும்னு பயந்துக்கிட்டே வியாபாரம் பண்றேன். அவரை ஒரு நடை வரச்சொல்லும்மா."

"சொல்றேன்."

"தச்சருக்குன்னா சும்மா ஏதோ ஒண்ணக் கொடுக்க மாட்டேன். இந்தா, சீமைச் சரக்கு. ஒரு பக்கம் அடிக்க, ஒரு பக்கம் ஆணி பிடுங்க. முகத்தப் பாரு, கண்ணாடி! அம்புட்டு உறுதி. ஆணி நசுங்கும், இது நசுங்காது."

மங்களம் அதை வாங்கினாள். கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு இரும்பின் குணம் சொல்கிறவள், இங்கே ஒரு தரம்கூட ஓங்கிப் பார்க்கவில்லை. தட்டிக் கேட்கவில்லை. தச்சன் பெண்டாட்டிக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரிந்திருக்கக் கூடாது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, இரண்டு விரலால் தூக்கினாள், கருவாட்டைத் தூக்குவதுபோல. காம்பில் பளபளவென்று சிவப்புச் சாயம்.*

* சாயம் அடித்த காம்பை நான் வாங்கமாட்டேன். சாயத்துக்கு அடியில் என்ன ரேகை ஓடுகிறதோ, யார் கண்டது. ஆனால் இதை அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை.

4

[இந்தப் பகுதியைத் தூக்கிவிட்டேன். அவள் கணவனைப் பற்றியது. முதலில் அவனை ரங்கூனுக்கு அனுப்பினேன். பிறகு காய்ச்சலில் கிடத்தினேன். பிறகு சாராயக் கடையில் உட்காரவைத்தேன். மூன்றும் அவன் வருகிற இடத்தில் நல்ல கதையாகவும் அவள் வருகிற இடத்தில் வெறும் அழுகையாகவும் இருந்தன. தனியாள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். போதும்.]

5

ஞாயிற்றுக்கிழமை கல் மேட்டில் வேலை இல்லை. மங்களமும் பக்கத்து அறைப் பூவம்மாவும் மட்டும் வந்தார்கள். பூவம்மா தன் தம்பியிடம் ஒரு பெரிய சம்மட்டியை இரவல் வாங்கி, மறுநாளைக்குத் தயாராக வைத்திருந்தாள். மங்களம் துணியைப் பிரித்தாள்.

"அடியே, சுத்தியா இது? தூக்கிச் சாமி மாடத்துல வச்சுக் கற்பூரம் காட்டு. யாருடி கொடுத்தா?"

"கபீர் பாய் கடைல. சீமைச் சரக்கு."

"சீமைச் சரக்குன்னா சீமைக் கல்லத்தான் உடைக்குமோ என்னமோ. அடி, பாப்போம்."

மங்களம் குந்தி உட்கார்ந்து, ஒரு கருங்கல்லைக் கால்விரலால் அணைத்துக்கொண்டு, ஓங்கி ஒன்று போட்டாள். கல் அப்படியே இருந்தது. இரண்டாவது போட்டாள். டிங் என்று ஒரு சத்தம். "அம்மாடி!" என்று பூவம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே ரத்தம்.

கல் தெறிக்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த அந்த முகத்தின் ஓரம் சிப்பி போலப் பெயர்ந்து தெறித்திருந்தது. ஆணிக்கென்று கடினமாக்கிய இரும்பு. கருங்கல்லோடு மோதினால் அது வளையாது, உடையும்.

"கல்லு உடையும்னு பாத்தா சுத்தியில்லடி உடையுது!" என்றாள் பூவம்மா. வலியிலும் அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "கொஞ்சம் மேல வந்திருந்தா நாளைக்கு நான் ஒத்தக் கண்ணோட பெட்டி நிரப்பணும். எதுக்குன்னு சொல்லித்தானே வாங்குன?"

மங்களம் முந்தானையைக் கிழித்து அவள் கையில் கட்டினாள். கட்டி முடித்ததும் எழுந்து நடந்தாள்.

"எங்கடி போற?"

"சொல்லிட்டு வரேன்."

6

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது. அதுவரை, உண்மையைச் சொல்வதென்றால், வடிவேலுவைத் திரும்பக் கூப்பிடலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அஹமது கபீர் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரரு என்னத்தம்மா அடிச்சாரு? மலையையா?"

கடையில் நேற்றைவிடக் கூட்டம். மங்களம் முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்து, மேசைமேல் விரித்து வைத்தாள்.

"வீட்டுக்காரரு இல்ல. தச்சரும் இல்ல. நான்தான் அடிச்சேன். சாலைக்கு ஜல்லி உடைக்கிறவ நான், பாய்."

கபீர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதலில் அவருக்கு வந்தது தன் கவலைதான்.

"அப்ப என் பலகை அடிக்க ஆளு இல்லையா?"

யாரோ சிரித்தார்கள். மங்களத்துக்கும் உதடு ஓரம் இழுத்தது.

"நேத்தே சொல்லியிருந்தா இத உன் கண்ணுலகூடக் காட்டியிருக்க மாட்டேனே," என்று கோபப்பட்டார் கபீர். "ஆணிச்சுத்திய வச்சுக் கருங்கல்ல அடிச்சா அது என்னா பண்ணும்? என் பேருல்ல கெடும்?"

"சொல்லியிருந்தா உள்ள வாம்மான்னு சொல்லியிருப்பீங்களா?"

கபீர் வாசல் பக்கம் பார்த்தார், அங்கே இரண்டு கூலியாட்கள் ஏதோ வாங்கப் படிக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்கள். எத்தனை வருஷமாக அவர்கள் அங்கேயே நின்று வாங்குகிறார்கள் என்று அவர் யோசித்ததில்லை.

[அவர் அவர்களை உள்ளே கூப்பிட்டார் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். ஒரே நாளில் மனிதன் அவ்வளவு மாறமாட்டான். ஆனால் பார்த்தார். அது உண்மை.]

"இத விட்டுட்டுப் போ," என்றார் கடைசியில். "பெட்டி பிரிக்க எனக்கு ஆகும். கல்லுச்சுத்தி எங்கிட்ட இல்ல. கடற்கரை ரோட்டுப் பக்கம் சீனக் கொல்லன் பட்டறை இருக்கு, எனக்குக் கொண்டி அடிச்சுத் தர்றவன். அஹமது கபீர் அனுப்புனாருன்னு சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன். இந்தாம்மா..."

அவள் திரும்பினாள்.

"இந்தத் தரம் கையில வாங்கி அடிச்சுப் பாரு. யாரு பாத்தா என்னா?"

7

பட்டறையில் அனல். கொல்லனுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் சந்தை மலாய் ஒரு கைப்பிடி தெரியும். கபீரின் பெயர் மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

அவன் மூலையைக் காட்டினான். சுத்தியல்கள் குவிந்து கிடந்தன. பூவம்மா கட்டுப் போட்ட கையோடு பின்னாலேயே வந்துவிட்டாள், வேடிக்கையை விட மனசில்லாமல்.

இங்கே மங்களம் தன் இஷ்டத்துக்கு நடந்தாள். நான் வெறுமனே எழுதிக்கொண்டு வந்தேன். சேலையைச் செருகினாள். தலைகளை ஒன்றோடொன்று மோதிக் கேட்டாள். சொத்தென்று சொன்னதைத் தள்ளினாள். கல் மேட்டுப் பழக்கம் விடுமா, இருந்ததிலேயே கனமானதை எடுத்தாள். வாசலில் கிடந்த கல்லில் போட்டாள். கல் பிளந்தது. ஆனால் அதிர்வு மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, அந்தப் பழைய கழுத்து வரைக்கும் போனது. இன்னும் நாலு அடி. விரல் மரத்தது.

"பெராட்," என்றான் கொல்லன், தோளைத் தொட்டுக் காட்டி. கனம்.

குவியலுக்கு அடியில் ஒன்று கிடந்தது. சின்னத் தலை. காம்பு மரமில்லை, நீளமாக ஒரு பிரம்பு. தூக்கினாள். காம்பு வளைந்தது.

"ஐயே," என்றாள் பூவம்மா. "வாத்தியாரு பிரம்பாட்டம் இருக்கு. கல்லுக்குப் பாடம் சொல்லித் தரப்போறியா?"

வளைகிற காம்பு என்றால் கெட்ட காம்பு. மங்களமும் அப்படித்தான் நினைத்திருந்தாள். கீழே வைக்கத்தான் குனிந்தாள். குனிந்த கையோடு, சும்மா, ஒன்று போட்டாள்.

கல் விரிந்தது. கைக்கு ஒன்றும் வரவில்லை.

மறுபடி போட்டாள். பிரம்பு போகும்போது பின்னால் வளைந்து, விழும்போது நிமிர்ந்து, தலையைச் சொடுக்கியது. அதிர்வு முழுதும் பிரம்புக்குள்ளேயே எங்கோ கரைந்துபோனது. வலிக்குமே என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தாள், இறுக்கம் மெல்ல விட்டது.

"இனி," என்றாள் மலாயில். இதுதான்.

"இனி? கெச்சில்!" என்று கொல்லன் சிரித்தான். சின்னதாயிற்றே.

"சின்னதுதான்," என்றாள் மங்களம், தமிழிலேயே. அவனுக்கு அது புரிந்தது.

8

திங்கட்கிழமை. கல் மேடு முழுக்கச் சிரிப்பு.

"மீன் பிடிக்கவா வந்திருக்கு?" என்றான் ஒருவன். மண்டோர் அழகப்பன் பிரம்பை வளைத்துப் பார்த்துவிட்டு, "உன் பொழப்பு, உன் இஷ்டம்," என்று நகர்ந்தார். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் அளவுப் பெட்டி வைத்தார்கள். அடியில்லாத மரச் சட்டம், அவ்வளவுதான்.

சம்மட்டிக்காரர்கள் ஆரம்பத்தில் பறந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒவ்வொருவராகக் கையை உதறத் தொடங்கினார்கள். மங்களம் உதறவில்லை. சொடுக், சொடுக் என்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. சின்னச் சுத்தியல் கல்லைச் சின்னதாக உடைக்கிறது. சின்ன ஜல்லி பெட்டிக்குள் நெருங்கி உட்காருகிறது. மற்றவர்களின் முரட்டுக் கல் இடைவெளி விட்டுக் குவிந்து நிற்க, அவள் பெட்டி கொட்டக் கொட்ட விழுங்கிக்கொண்டே இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது மூன்று மூலை நிறைந்திருந்தது. நாலாவது மூலை இன்னும் பள்ளம். அவள் விரல்களுக்கு முன்னால் போதுமான கல் கிடந்தது. போதுமான நேரம் கிடந்ததா என்பதுதான் கேள்வி. பக்கத்துக் குவியலில் பூவம்மா, கட்டு அவிழ்ந்த கையோடு, தன் பெட்டியின் கடைசி ஓரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அழகப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மதியம் சொல்ல, மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். மரத்தை நோக்கி நடந்தார்.

9

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். மண்டோர் ஒரு வளையத்தை எடுத்து எல்லார் ஜல்லியையும் அதில் விட்டுப் பார்க்கிறார். சம்மட்டிக்காரர்களின் கல் நுழையவில்லை, மங்களத்தின் கல் மட்டும் நுழைகிறது, அவள் ஜெயிக்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளை ஜெயிக்கவைக்க நான் சம்மட்டி பிடித்த பூவம்மாவைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. என் கதையால் அவளுக்கு ஏற்கனவே ரத்தம் வந்தாயிற்று. கிழித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு. தண்டவாளம் ஒலிக்கிறது, மூலை பள்ளமாகவே இருக்கிறது, மங்களம் பிரம்புச் சுத்தியலைக் கையில் பிடித்தபடி சதுப்பை நோக்கி நடக்கிறாள். படித்தவர்கள் இதைத்தான் நல்ல முடிவு என்பார்கள் என்று நினைக்கிறேன். எழுதினேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வேலை செய்கிறவளைப் பாதியில் நிறுத்தச்சொல்லி அடிக்கிற மணியை என் கையால் எப்படி அடிப்பது? அதையும்...

சரி. இப்படிச் செய்துவிட்டேன்.

அழகப்பன் மரத்தடிக்கு வந்துவிட்டார். கம்பியைத் தேடுகிறார். புல்லை விலக்கிப் பார்க்கிறார், "எவன்டா எடுத்தவன்?" என்று கத்துகிறார். கத்தட்டும். அங்கே இருக்காது. அதை நான்தான் எடுத்தேன், இதோ, உங்கள் கையில் வைத்துவிட்டேன். நீங்கள் அடித்தால்தான் அந்த மேட்டில் மதியம். அதுவரைக்கும் காலைதான்.

எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. பெட்டியில் ஒரு மூலைதான் பாக்கி. அவளுக்குக் கையும் வலிக்கவில்லை.